விளாத்தியாற்றுப் பாலத்தின் வாழ்க்கைக் குறிப்பு

வெள்ளவத்தை
கொழும்பு
மாசி 9, 2025

அன்பின் சுபோ,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உமது பதிவுத் தபால் வந்த அன்று, நான் செத்துப்போய்விட்டதாகத் தபால்காரரிடம் சொன்னேன்.

நீளமான மண்ணிற உறை, நீல முத்திரை. கதவு இடுக்கால் பார்த்தபோதே விவாகரத்து நோட்டீஸ் என்று முடிவுகட்டிவிட்டேன். ஏழு வருஷமாக அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு மண்ணிற உறை வேறு என்னவாக இருக்கும்? "ஏ மஹத்தயா மெருணா" என்றேன். அந்த மனிதர் இறந்துவிட்டார் என்பதை இவ்வளவு பிழையில்லாத சிங்களத்தில் நான் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. போன வெள்ளிக்கிழமை நீங்கள்தானே அய்யே கையெழுத்து வைத்தீர்கள் என்று தபால்காரர் கேட்டார். அதற்குள் மேல்மாடியிலிருந்து வீட்டுக்காரி கனகேஸ்வரி அக்கா எட்டிப் பார்த்து, "ஆர் தம்பி செத்தது? எத்தினை மணிக்கு எடுக்கினம்?" என்று கேட்டா. நான்தான் அக்கா என்று சொல்ல முடியாமல் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

இரண்டு நாள் உடைக்கவில்லை. உடைத்தால், விளாத்திமடு கமக்காரர் அமைப்பு. செயலாளர், திருமதி சு. குகதாசன். என்ர பெயர் இன்னும் உமது பெயரோடு இருக்கிறது. புது முத்திரை செய்விக்கச் செலவு கூட என்று விட்டிருப்பீர்.

விஷயம் விளங்கியது. இரும்புப் பாலத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிய கொங்கிரீட் பாலத்தை ஆனியில் திறக்கிறார்கள், சிறப்பு மலர் ஒன்று போடுகிறீர்கள், பதினொரு வருஷம் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் பாலத்தின் வரலாற்றை நான் நாலு பக்கத்தில் எழுதித் தரவேண்டும். கடைசி வரியையும் வாசித்தேன். "2017.10.21 அன்று பிரியந்தன் இறந்ததையும், அது தொடர்பில் அப்போதைய செயலாளராகிய தாங்கள் செய்ததையும் விடாமல் எழுதவும்."

உமது தம்பியின் பெயரை நீர் தட்டச்சில் அடித்திருக்கிறீர். ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை.

சரி, எழுதுகிறேன். எழுத்துத்தான் இப்போது என் பிழைப்பு, தெரியுமோ? காலி வீதியில் ஒரு அச்சகத்தில் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறேன். போன வருஷம் நாற்பத்தொரு பேரை எழுதினேன். நாற்பத்தொரு பேரும் விருந்தோம்பலில் சிறந்தவர்கள். ஒருத்தர்கூடப் பக்கத்து வீட்டுக் காணிக்குள் வேலியை அரக்கினதில்லை. அதனால் இத்தோடு வைத்திருக்கிற முதற்படி கொஞ்சம் பழக்கதோஷத்தில் வந்திருக்கும். இப்படித் தொடங்குகிறேன்:

"விளாத்திமடுவைப் பிறப்பிடமாகவும் விளாத்தியாற்றை வதிவிடமாகவும் கொண்ட பாலம் அவர்கள், கமக்காரர்களின் நீண்டகாலத் தவப்பயனாக 1966ஆம் ஆண்டு அவதரித்தார். அன்னார் இக்கரை, அக்கரை ஆகியோரின் பாசமிகு உறவும், நெல்மூட்டைகளின் அன்புச் சுமைதாங்கியும் ஆவார்."

நன்றாக இல்லையா? மூன்று பக்கம் போயிற்று. கடைசி வரியில் கேட்டதற்கு இடம் காணாது போலிருக்கிறது. பார்ப்போம்.

மாமிக்கு என் அன்பைச் சொல்லும். சொல்லாவிட்டாலும் குற்றமில்லை.

குகன்

•

விளாத்திமடு கமக்காரர் அமைப்பு
2025.02.27

திரு. சி. குகதாசன் அவர்கட்கு,

ஐயா,

விளாத்தியாற்றுப் பாலத்தின் வரலாறு தொடர்பானது.

தங்கள் முதற்படி கிடைத்தது. 23ஆம் திகதிக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. தலைவர் சிரித்தார். மற்ற அங்கத்தவர்கள் பாலம் எப்போது செத்தது என்று கேட்டார்கள். சாகவில்லை என்று விளக்கம் கொடுக்கப்பட்டது. "அவதரித்தார்", "அன்னார்" என்பவற்றை எடுத்துவிடவும்.

கமக்காரர்களைப் பற்றி ஒன்றுமில்லை. அக்கரை வெளி முந்நூற்று நாற்பது ஏக்கர். பாலம் இல்லாத காலத்தில் மாரி வெள்ளம் வந்தால் வெட்டின நெல் அக்கரையிலேயே முளைத்துப்போகும். கர்ப்பிணிகளைப் பெரிய பனையோலைக் கடகத்தில் இருத்தி, நாலு பேர் நீந்திக் கொண்டுவந்திருக்கிறார்கள். என் அப்பா தியாகராசா அப்படிக் கடகத்தில் வந்து, இக்கரையில் பிறந்தவர். இவை வேண்டும்.

1966இல் பாலத்தைக் கட்டிய ஓவசியர் திரு. றொபேட் கொட்டாஞ்சேனையில் இருப்பதாக அறிகிறோம். விலாசம் இணைக்கப்பட்டுள்ளது. நேரில் சந்தித்து விபரம் எடுக்கவும்.

கடைசியாகக் கேட்டிருந்த விடயம் படியில் இல்லை. பக்கம் காணாவிட்டால் ஐந்து பக்கம் எழுதலாம். அமைப்பு ஒத்துக்கொண்டுள்ளது.

இப்படிக்கு,
சுபோதினி குகதாசன்
செயலாளர்

•

வெள்ளவத்தை
பங்குனி 16, 2025

அன்பின் சுபோ,

"ஐயா" என்று தொடங்கின கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கலியாணம் கட்டின நாளிலிருந்து நீர் எனக்குத் தந்த மரியாதை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவதை இங்குள்ள எங்கட சனம் வேறு நாட்டுக்குப் போவது மாதிரிச் சொல்லும். நானும் அப்படித்தான், இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னமே ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலடியில் இறங்கி, மிச்சத் தூரம் நடந்தேன். சேர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான ஒழுங்கை. கதவைத் திறந்தது மகள் ஐறீன். ஐம்பது வயதிருக்கும், துறைமுகத்தில் கிளாக்கர்.

"டடா, அந்த பிரிட்ஜ் ஆள் வந்திருக்காரு!" என்று உள்ளே சத்தம் வைத்தா. என்னிடம் குரலைத் தாழ்த்தி, "ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருந்தா பிரெஷர் கூடும். அவருக்கு இல்ல, உங்களுக்கு" என்றா.

றொபேட் ஐயாவுக்கு எண்பத்துநாலு. காது கொஞ்சம் மந்தம், நாக்கில் ஒரு குறையுமில்லை. 

"விளாத்திமடுவா? அங்கதான் என் வாழ்க்கையில ஒரே தரம் செத்துப் பொழச்சேன்" என்றார்.

"ஏன் ஐயா, காய்ச்சலோ?"

"காய்ச்சல் இல்ல மகன், ஒங்க ஆளுங்க! பாலம் முடிஞ்சிது, டிஆர்ஓ தொரை வந்து ரிபன் வெட்டிட்டு போய்ட்டாரு. அடுத்த நாள் பாத்தா ஒரு வண்டிகூட ஏறல. பன்னெண்டு மாட்டு வண்டி, மூட்டை ஏத்தி, வரிசையா நிக்குது. என்னான்னு கேட்டா, ஒரு மனுசன் சொல்றாரு, 'ஐயா, நீங்க கீழ போய் நில்லுங்கோ.' எதுக்குன்னேன். 'கட்டினவர் கீழ நிண்டால்தான் நாங்கள் மேல ஏறுவம்.' எனக்கு வயசு இருபத்தஞ்சு. இடுப்பளவு தண்ணில போய் நின்னேன். பன்னெண்டு வண்டியும் தலைக்கு மேல போகுது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாதா மந்திரம்."

"பயந்தனீங்களோ?"

"சீமேந்துல கொஞ்சம் கொறைச்சிருந்தா பயந்திருப்பேன். கொறைக்கல. ஆனா பன்னெண்டாவது வண்டில ஏதாச்சும் கொறைச்சிருப்பேனோன்னு நானே யோசிக்க தொடங்கிட்டேன், பாருங்க."

ஐறீன் பிளேன்ரீ கொண்டுவந்தா. பாலம் ஏன் நடுவில் வளைந்தது என்றும் கேட்டேன். நேராகப் போயிருந்தால் அக்கரையில் ஒருவருடைய சூடடிக்கும் களத்தின் நடுவில் இறங்கும்; அந்த மனுசன் களத்தில் பாயைப் போட்டுப் படுத்துவிட்டாராம். மூன்று நாள். எழும்பவேயில்லை. பாலம் வளைந்து போனது. படுத்தவர் உமது அப்பப்பா. இதை மலரில் போடலாமோ என்று குடும்பத்தில் கேட்டுச் சொல்லும்.

தொண்ணூறுகளில் சண்டைக்குள் பாலம் உடைந்த கதையையும், பிறகு இரும்புச் சட்டமும் மரப்பலகையும் போட்டுத் தந்த கதையையும் நானே எழுதினேன். பலகை கழற்றுவதையும் எழுதிவிட்டேன். தெரியாதவர்களுக்கு விளங்கவேண்டுமே: ஐப்பசியில் விதைப்புக் கூட்டம் முடிந்ததும் மாடுகளெல்லாவற்றையும் இக்கரைக்குச் சாய்த்துவந்து, அவை திரும்ப விதைத்த வெளிக்குப் போகாமல் பாலத்தில் நாலு பலகையைக் கழற்றி இடைவெளி விடுவோம். ஆட்கள் ஓரத்து ஒற்றைப் பலகையில் நடப்பார்கள். பலகை கழற்றின அன்று பொழுதுபட முன்னம், பாலத்தின் தலைப்பில் செயலாளர் சிவப்புத் துணி கட்டவேண்டும். இது கூட்டக் குறிப்பில் வருஷாவருஷம் எழுதுகிற வழமை.

வெளிக்கிடும்போது றொபேட் ஐயா, "அந்தப் பாலத்துல ஒரு பொடியன் விழுந்து செத்துட்டானாமே, அப்ப பேப்பர்ல பாத்தேன். பலகை கழட்டி இருந்திச்சாம். தெரியுமா?" என்று கேட்டார்.

"ஓம், கேள்விப்பட்டன்" என்றேன்.

கேள்விப்பட்டேன். சுபோ, நான் அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு மிச்சப் பிளேன்ரீயையும் குடித்தேன். இனிப்புக் கூடிப்போயிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பஸ் ஏறி வந்து, கனகேஸ்வரி அக்காவின் பேத்தியின் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டும் சாப்பிட்டேன்.

இரண்டாம் படி இத்துடன். நீர் கேட்டதும் இருக்கிறது: "2017ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் இப்பாலத்தில் ஒரு துயரச் சம்பவம் நிகழ்ந்தது. ஊரே கண்ணீரில் மூழ்கியது."

குகன்

•

விளாத்திமடு கமக்காரர் அமைப்பு
2025.04.02

திரு. சி. குகதாசன் அவர்கட்கு,

ஐயா,

இரண்டாம் படி கிடைத்தது. வண்டிகள், களம் ஆகிய பகுதிகள் நன்றாக உள்ளன. களத்தில் படுத்ததைப் போடலாம். நாலு நாள் என்று திருத்தவும்.

2017 பற்றித் தாங்கள் எழுதிய இரண்டு வரிகளில் எவரும் ஒன்றும் செய்யவில்லை. இது எந்த ஊர்ப் பாலத்துக்கும் பொருந்தும். திருத்தி அனுப்பவும். அச்சகத்துக்கு மே மாதம் முதலாம் கிழமை கொடுக்கவேண்டும்.

சுபோதினி குகதாசன்
செயலாளர்

கடதாசியில் இடம் கிடந்தது. அம்மாவுக்கு முழங்கால் நோ. இந்த முறை நெல்லு பரவாயில்லை, ஏக்கருக்கு இருபத்தெட்டு மூடை. நீங்கள் வைத்த தேசி மரம் காய்க்கிறது. ஊரே கண்ணீரில் மூழ்கவில்லை. நீங்கள் அப்போது எங்கட வீட்டில்தான் இருந்தனீங்கள், தெரியும்தானே.

•

வெள்ளவத்தை
சித்திரை 20, 2025

அன்பின் சுபோ,

வருஷப்பிறப்பு முடிந்தது. கனகேஸ்வரி அக்கா கைவிசேடமாக ஒரு இருபது ரூபாய்த் தாள் தந்தா. ஐம்பத்துமூன்று வயதுக்காரன் கைநீட்டி வாங்கினேன்.

பகிடி இவ்வளவும் போதும். மூன்றாம் படி இதுதான். தனிக் கடதாசியில் எழுத முயற்சித்தேன், வரவில்லை. இதிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்ளும்.

2017 ஒக்டோபர் 21, சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு நானும் இன்னும் நாலு பேரும் பலகை கழற்றினோம். சிவப்புத் துணி என் சைக்கிள் கூடைக்குள் பொலித்தீன் பையில் கிடந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். கட்டிவிட்டுப் போகவேண்டியவன் நான். துணி கட்டுகிற கம்பு விழுந்து கிடந்தது, அதை நட்டுக் கட்ட ஒரு பத்து நிமிஷம் செல்லும். பிறகு வந்து கட்டலாம் என்று சங்கக்கடை விறாந்தைக்குப் போனேன்.

அங்கே கூட்டத்தில் தலைவர் பேசின மாதிரிப் பேசிக்காட்டச் சொன்னார்கள். பேசிக்காட்டினேன். பிறகு கமநல உத்தியோகத்தர் மாதிரி. பிறகு அவர் மனுசி மாதிரி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அது போதும், உமக்குத் தெரியும். நாலு பேர் சிரிக்கிற இடத்தில் என்னை விட்டால் வீடு பற்றினாலும் எழும்பமாட்டேன். இருட்டிவிட்டது, மழையும் தொடங்கிவிட்டது. இந்த மழைக்குள் ஆர் போகப்போகினம் என்று வீட்டுக்கு வந்தேன். நீர் இடியப்பம் அவித்திருந்தீர். ஐந்து சாப்பிட்டேன்.

விடியப் பாலத்துக்குக் கீழே ஆள் கிடக்குது என்று அக்கரையிலிருந்து சத்தம் கேட்டது. சைக்கிளில்தான் ஓடினேன். நான்தான் முதலாவது ஆளாகப் பாலத்தடிக்குப் போனது. கீழே முகம் குப்புற ஒருவர் கிடந்தார். மேலில் சேட் இல்லை. ஆர் என்று பார்க்க இறங்கவில்லை. அதற்கு முன்னம் நான் செய்தது என்னவென்றால், கூடைக்குள் இருந்த துணியை எடுத்து, கம்பை நட்டு, கட்டினேன். முடிச்சும் வடிவாக விழுந்தது. கட்டி முடிய மற்ற ஆட்கள் வந்தார்கள். அவர்கள்தான் இறங்கிப் பிரட்டிப் பார்த்து, பிரியந்தன் என்று சொன்னார்கள்.

துணி கட்டியிருந்தது, பொடியன் கவனிக்கவில்லை, வெறியாக்கும் என்று ஊரில் கதைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் பியர்கூடக் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீர் வந்து அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தீர். இரவு முழுக்க மழை. துணி காய்ந்து கிடந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தம்பியிடம் இறங்கிப் போனீர். அதற்குப் பிறகு ஆறு நாள் உமது கையால் சமைத்ததைச் சாப்பிட்டேன். அவனுடைய எட்டாம் நாள் சடங்குக்கு இரண்டு நாள் இருக்க, கொழும்பில் ஒரு அலுவல் என்று பஸ் ஏறினேன். அந்த அலுவல்தான் இன்னும் முடியவில்லை.

நம்பரை மாற்றினேன். ஊர் ஆட்களைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவேன். ஒருமுறை வெள்ளவத்தைச் சந்தையில் உமது பெரியம்மாவின் மகனைக் கண்டு, பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். சாமான் வாங்க வந்த ஒருவர் என்னிடம் விலை கேட்டுக்கொண்டே நின்றார். ஏழரை வருஷத்தில் ஊரிலிருந்து ஒரு செய்தியும் கேட்கவில்லை, கேட்க விடவுமில்லை.

நாற்பத்தொரு பேருடைய வாழ்க்கையை எழுதினவனுக்கு அவனுடைய பெயரை எழுத இவ்வளவு காலம் சென்றது. பிரியந்தன். நான் துணி கட்டியிருந்தால் இன்றைக்கு அவனுக்கு நாற்பத்தெட்டு. எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எழுதி முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதை அப்படியே மலரில் போடும். என் பெயரோடு போடும். திறப்பு விழாவுக்கு நான் வரலாமா என்று ஒரு வரி எழுதினால் போதும். வரவேண்டாம் என்றாலும் எழுதும்.

குகன்

•

விளாத்திமடு
2025.05.19

குகன்,

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. ஐந்து பக்கமும் வந்திருக்கிறது. தலைவர் சொல்லச் சொன்னார், றொபேட் ஐயாவின் பகுதியைத் திறப்பு விழாவில் வாசிக்கப்போகிறார்கள். ஐயாவுக்கும் மகளுக்கும் அழைப்பிதழ் அனுப்பியாயிற்று.

நீங்கள் 2017 பற்றி எழுதினது மலரில் இல்லை. நான்தான் எடுத்தேன். ஒருவருக்கும் காட்டவில்லை. அதில் நீங்கள் செய்தது எல்லாம் சரியாக எழுதியிருக்கிறது. துணி காய்ந்திருந்ததும் சரி. அன்றைக்கே கேட்டிருப்பன். நீங்களாகச் சொல்லுவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். ஆறு நாள் பார்த்தன். பிறகு நீங்கள் போயிட்டீங்கள்.

நீங்கள் போய் மூன்றாம் கிழமை மரண விசாரணை அறிக்கை வந்தது. கோப்புக்குள் வைத்து அலுமாரியில் வைத்தேன். என்றைக்காவது போன் எடுத்து, அறிக்கை வந்ததோ, அதில் என்ன கிடக்குது என்று கேட்பீங்கள் எண்டு நினைத்தன். கேட்டால் சொல்லியிருப்பன். நீங்கள் கேட்கவில்லை. நாள் போகப் போக எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அது உண்மை. வரலாறு எழுதச் சொன்னது அமைப்பின் தீர்மானம். கடைசி வரி மட்டும் நான் சேர்த்தது. நீங்கள் எழுதுவீங்களோ என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. எழுதியிருக்கிறீங்கள்.

வரலாமா என்று கேட்டிருந்தீங்கள். திறப்பு ஜூன் 14, காலை ஒன்பதரை. முன்னாள் செயலாளர்கள் எல்லாருக்கும் அழைப்பிதழ் உண்டு. உங்களுடையது உள்ளே இருக்கிறது. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அறிக்கையின் நகலும் இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம், தமிழில்தான் இருக்கிறது. காரணம் மாரடைப்பு. தம்பி அன்றைக்குப் பின்னேரம் வயலால் வந்து ஆற்றில் குளிக்க இறங்கியிருக்கிறான். வெள்ளம்தான் அவனைப் பாலத்தடிக்குக் கொண்டுவந்தது. பொலிஸ் அடுத்த நாள் மத்தியானமே அவனுடைய சேட், மணிக்கூடு, செருப்பு எல்லாவற்றையும் குளிக்கிற துறையில் கண்டெடுத்தது. நீங்கள் அப்போது அறைக்குள் படுத்திருந்தனீங்கள், பிறகும் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

துறை பாலத்துக்கு இருநூறு மீற்றர் மேலே, ஆறு வரும் பக்கம். நீங்கள் பலகை கழற்ற முன்னம், மூன்றரை மணிக்கு, அவன் அங்கே குளித்துக்கொண்டிருந்ததைக் கண்ட ஆள் இருக்கிறது. அவனுடைய மணிக்கூட்டையும் சவர்க்காரப் பெட்டியையும் என்னிடம்தான் தந்தவை. சவர்க்காரம் புதிசு, ஒருக்கால்தான் தேய்த்திருந்தது.

சுபோதினி